நாயோ பூனையோ வீட்டுக்கு வந்தபின்: நோய் வராமல் காப்பதற்கான முதல் ஆண்டு வழிகாட்டி

குட்டிகளுக்கு வாந்தியும் இரத்தப் பேதியும் தரும் பார்வோ வைரஸ் நோய், உண்ணிக் காய்ச்சல், கர்ப்பப்பையில் சீழ், எலிமருந்து, வீட்டில் யாரோ நல்லெண்ணத்தோடு கொடுத்த பாராசிட்டமால். கால்நடை மருத்துவமனைக்கு உயிர் ஊசலாடும் நிலையில் தூக்கி வரப்படும் நாய்களையும் பூனைகளையும் விசாரித்தால் இந்தக் காரணங்கள் திரும்பத் திரும்ப வரும். எல்லாமே தடுக்கக்கூடியவை. அதற்கு அதிகப் பணமோ பெரிய படிப்போ வேண்டாம். தேதி தவறாமல் செய்ய வேண்டியதைச் செய்வதும், நம் பிராணி நன்றாக இருக்கும்போது எப்படி இருக்கும் என்று தெரிந்து வைத்திருப்பதும்தான் வீட்டார் வேலை. மருந்தைத் தேர்ந்தெடுப்பது மருத்துவர் வேலை. நடைமுறையில் பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது: தடுப்பூசித் தேதி மறந்துபோகும், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுப்பது மட்டும் உடனே நடக்கும்.

முதன்முறையாக வளர்ப்பவர்களுக்காக, தமிழ்நாட்டு வெயிலையும் மழையையும் மனத்தில் வைத்து, செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: முதல் வாரம்

எட்டு வாரம் நிறையாத நாய்க்குட்டியை வாங்காதீர்கள். அப்படி விற்பதை 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் தடை செய்கின்றன. தாயிடமிருந்து சீக்கிரம் பிரிக்கப்பட்ட குட்டி நோய்க்கும் எளிதில் ஆளாகும், கடிப்பதில் கட்டுப்பாடும் பழகியிருக்காது. தெருவில் அனாதையாகக் கிடந்த குட்டியை எடுத்து வந்திருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. அதற்கு உங்கள் வீடே நல்லது.

ராஜபாளையம் குட்டி வாங்குவோர் அதற்குக் காது கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வருவது உண்டு. குட்டியைத் தனியாக விட்டு, அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். உடன்பிறந்த குட்டிகளோடு இருக்கும்போது சோதித்தால் அவை திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பிவிடும். விற்பவரும் "பாருங்கள், கேட்கிறது" என்பார்.

வந்து இரண்டு மூன்று நாட்களுக்குள் மருத்துவரிடம் காட்டுங்கள். நோய் வந்தபின் மருத்துவரைத் தேடுவது தாமதம். ஊர்தோறும் உள்ள அரசு கால்நடை மருந்தகங்களுக்கு மாடும் ஆடும்தான் முதல் வேலை என்றாலும், அங்கே வெறிநோய்த் தடுப்பூசி குறைந்த செலவில் கிடைக்கும். மற்ற நாய்த் தடுப்பூசிகள் இருப்பில் உள்ளனவா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். சென்னையில் வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் சிகிச்சை உண்டு. எங்கே போனாலும் ஒன்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: இரவு பத்து மணிக்கு மேல் அவசரம் என்றால் யாரை அழைப்பது? ஆபத்துகளுக்கு அலுவலக நேரம் தெரியாது.

வீட்டில் ஏற்கெனவே ஒரு பிராணி இருந்தால் புதியதை இரண்டு வாரம் தனி அறையில் வையுங்கள். தட்டும் துணியும் தனி. முன்பு அந்த வீட்டில் ஒரு குட்டி பார்வோ நோயால் இறந்திருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. அந்த வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில், சில வேளை ஓராண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். பினாயிலும் சானிடைசரும் அதை அசைக்காது. தரையை முதலில் சோப்பு போட்டுக் கழுவி, பிறகு ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். மண் தரையை அப்படிச் சுத்தம் செய்ய முடியாது. தடுப்பூசி முழுமையாகப் போட்ட குட்டியை மட்டுமே அங்கே விடலாம்.

படி 2: தடுப்பூசி

"மூன்று ஊசி எதற்கு, ஒன்று போதாதா?" என்று கேட்காதவர் குறைவு. நியாயமான கேள்விதான். குட்டி தாயின் சீம்பாலிலிருந்து எதிர்ப்பாற்றலைப் பெறுகிறது. அது சில வாரங்களில் தேய்ந்துவிடும். எந்த வாரத்தில் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். தாய் தந்த அந்த ஆற்றல் இரத்தத்தில் இருக்கும்வரை, நாம் போடும் தடுப்பூசியை அது வேலை செய்ய விடாது. தேய்ந்தபின் தடுப்பூசி இல்லையென்றால் குட்டிக்குக் காப்பே கிடையாது. அந்த நாள் எது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாததால்தான் சில வார இடைவெளியில் மீண்டும் மீண்டும் போடுகிறோம். ஏதாவது ஓர் ஊசி சரியான நேரத்தில் விழ வேண்டும். இதிலிருந்து தெரிவது: வரிசையில் மிக முக்கியமானது கடைசி ஊசி. பலர் தவறவிடுவதும் அதைத்தான். குட்டி துள்ளி விளையாடத் தொடங்கியதும் "போதும், நன்றாகத்தானே இருக்கிறது" என்று நிறுத்திவிடுகிறார்கள்.

நாய்க்குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி. அதன்பின் மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று. கடைசி ஊசி பதினாறு வாரம் நிறைந்த பிறகு விழ வேண்டும். நரம்பையும் தாக்கும் டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோய், பார்வோ, நாய்களுக்கு வரும் கல்லீரல் அழற்சி, எலிக்காய்ச்சல் முதலியவற்றுக்கு எதிரான கூட்டு மருந்து இது. எலிக்காய்ச்சலுக்கு உரிய பகுதியை மட்டும் சில வார இடைவெளியில் இரண்டு முறை போட்டால்தான் காப்பு உண்டாகும். பிறகு ஆண்டுதோறும் வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி பன்னிரண்டு வாரத்தில். அடுத்த மாதம் ஒன்றைக் கூடுதலாகப் போடச் சொல்லும் மருத்துவர்கள் இங்கே பலர். பிறகு ஆண்டுக்கு ஒன்று.

பூனைக்குட்டிக்கும் இதே கால அட்டவணைதான், நோய்கள்தாம் வேறு. பூனைகளின் பார்வோ எனச் சொல்லத்தக்க பேன்லூக்கோபீனியா, சளிக்காய்ச்சல் தரும் ஹெர்பிஸ், கேலிசி வைரஸ்கள் மூன்றுக்குமான கூட்டு ஊசி ஒன்று, வெறிநோய்க்கு மற்றொன்று. "வீட்டை விட்டே போகாத பூனைக்கு எதற்கு?" என்றால், பேன்லூக்கோபீனியா உங்கள் செருப்பில் ஒட்டிக்கொண்டு உள்ளே வரும். வெறிநோயும் பூனைக்கு வரும், பூனையிடமிருந்து மனிதருக்கும் வரும்.

முதல் ஆண்டுக்குப் பிறகு, டிஸ்டெம்பர், பார்வோ போன்றவற்றுக்கான ஊசியை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போட்டால் போதும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். இங்கே எலிக்காய்ச்சல் மருந்து சேர்ந்த கூட்டு ஊசியே பெரும்பாலும் கிடைப்பதால் ஆண்டுதோறும் போடும் வழக்கம் இருக்கிறது. இதை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். கேட்டால் கோபிக்கும் மருத்துவர் என்றால் வேறொருவரைப் பார்ப்பது நல்லது.

தடுப்பூசியைக் கடையில் வாங்கி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தெரிந்தவரை விட்டு வீட்டிலேயே போட்டுக்கொள்வோர் இருக்கிறார்கள். அது 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இடைவிடாமல் இருக்க வேண்டிய மருந்து. மே மாதத்து மதுரையில் அரை மணி நேரம் ஸ்கூட்டர் பெட்டியில் இருந்தால் அதை நம்ப முடியாது. மருத்துவரின் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் போடச் செய்து, குப்பியில் உள்ள ஒட்டுச்சீட்டைப் பிராணியின் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டி, தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். சென்னை மாநகராட்சி எல்லையில் செல்லப்பிராணி உரிமம் பெற வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும். அதற்கும் இந்தப் புத்தகமே ஆதாரம்.

ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். முகம் வீங்கினாலோ வாந்தி எடுத்துச் சோர்ந்தாலோ உடனே காட்டலாம். அன்று இரவு சற்று மந்தமாகத் தூங்குவது இயல்பு. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருக்கும் குட்டிக்கு ஊசியைத் தள்ளிப்போடுவதே முறை.

கடைசி ஊசி முடியும்வரை குட்டியை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைப்பதும் தவறு. நான்கு மாதத்துக்குள் அது பார்க்கும் உலகம்தான் பிற்காலக் குணத்தைத் தீர்மானிக்கிறது. தெருநாய்கள் நடமாடும் தரையில் இறக்காமல், கையில் தூக்கிக்கொண்டு ஆட்டோச் சத்தம், தண்ணீர் லாரி, சைக்கிள், குழந்தைகள் எல்லாவற்றையும் காட்டுங்கள்.

படி 3: குடற்புழு

நாய்க்குட்டிக்கு உருளைப்புழு பிறக்கும் முன்பே, தாயின் வயிற்றிலேயே தொற்றிவிடுகிறது. பூனைக்குட்டிக்குத் தாய்ப்பால் வழியாக. ஆகவே எந்தக் குட்டிக்கும் புழு இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மலத்தில் கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நாய்க்குட்டிக்கு இரண்டு வார வயதிலிருந்தும் பூனைக்குட்டிக்கு மூன்று வார வயதிலிருந்தும் இரு வாரத்துக்கு ஒருமுறை, பால் மறக்கும்வரை. பிறகு ஆறு மாதம் ஆகும்வரை மாதம் ஒருமுறை. அதற்கு மேல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. வளரும் குட்டியின் எடை மாதாமாதம் மாறும் என்பதால் ஒவ்வொரு முறையும் நிறுத்துப் பாருங்கள். குட்டியைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் ஏறி, பிறகு நீங்கள் மட்டும் ஏறிக் கழித்தால் போதும்.

வாலடியில் அரிசி போலவோ வெள்ளரி விதை போலவோ ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. தெள்ளுப்பூச்சியை நக்கி விழுங்குவதால் வருவது. தெள்ளை ஒழிக்காமல் நாடாப்புழு மருந்தை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் அடுத்த மாதமும் அதே அரிசியைப் பார்ப்பீர்கள்.

இறைச்சிக் கடையில் இலவசமாகத் தரும் பச்சைக் கழிவை நாய்க்குப் போடாதீர்கள். நன்றாக வேகவைத்துப் போடுங்கள். ஆட்டின் ஈரல், நுரையீரலில் இருக்கும் நீர்க்கட்டிகள் வழியாக நாய்க்கு வரும் ஒருவகை நாடாப்புழு, பிறகு மனிதரின் ஈரலிலும் கட்டியை உண்டாக்கும். மலத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள். உருளைப்புழுவின் முட்டை மண்ணில் சில வாரம் கிடந்த பிறகே தொற்றும் திறன் பெறுகிறது. உடனே அள்ளினால் மணலில் விளையாடும் குழந்தைக்கும் ஆபத்து இல்லை.

படி 4: உண்ணி

தமிழ்நாட்டில் நாய் வளர்ப்பவருக்கு இதுதான் பெரிய போராட்டம். குளிர்நாட்டு வழிகாட்டிகளில் உண்ணிக் காலம் என்று சில மாதங்களைச் சொல்லியிருப்பார்கள். நமக்கு ஆண்டு முழுவதும் உண்ணிக் காலம்தான்.

இங்கே நாயின் மேல் காண்பது பெரும்பாலும் பழுப்பு நாய் உண்ணி. இதன் வாழ்க்கை முறை தெரிந்தால் ஏன் தோற்கிறோம் என்பது புரியும். அது வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை. இரத்தம் குடிக்கும், விழும், சுவர் இடுக்கில் ஒளிந்து தோலுரித்து அடுத்த பருவத்துக்கு மாறும், மீண்டும் நாயைத் தேடி ஏறும். இப்படி மூன்று முறை. கடைசியில் வயிறு புடைத்த பெண் உண்ணி, சுவரேறி விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகும். நாயின் மேல் பத்து உண்ணி கண்ணில் பட்டால், கதவுச் சட்டத்திலும் தரை விரிசலிலும் திரைச்சீலை மடிப்பிலும் அதைவிடப் பல மடங்கு காத்திருக்கிறது. இரத்தம் கிடைக்காவிட்டாலும் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும்.

எனவே ஒரு முறை குளிப்பாட்டி, ஒரு முறை மருந்து தடவி, "போய்விட்டது" என்று நிறுத்தினால் தோல்விதான். குறைந்தது நான்கு மாதம் இடைவெளி விடாமல் நாயின் மேல் மருந்து இருக்க வேண்டும். அப்போதுதான் இடுக்கிலிருந்து வந்து ஏறும் ஒவ்வொரு தலைமுறையும் கடித்ததும் சாகும், நாயே பொறியாகிவிடும். கழுத்தின் பின்புறம் தோலில் விடும் ஃபிப்ரோனில் போன்ற சொட்டு மருந்து மாதம் ஒருமுறை; விடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்டக் கூடாது. வாய்வழி மாத்திரைகளில் அஃபாக்சோலனர் ஒரு மாதமும் ஃப்ளூராலனர் பன்னிரண்டு வாரமும் வேலை செய்யும். வலிப்பு வந்த வரலாறு உள்ள நாய்க்கு இந்த வகை மாத்திரை தரும் முன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். விலை கூடுதலாகத் தெரியும். உண்ணிக் காய்ச்சலுக்கு இரத்தப் பரிசோதனை, குளுக்கோஸ், ஒரு மாத மருந்து, சில வேளை இரத்தம் ஏற்றுவது என்று ஆகும் செலவைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கூடவே, சுவர் விரிசலைச் சிமெண்டால் அடையுங்கள். நாய் படுக்கும் துணியை வாரம் ஒருமுறை கொதிநீரில் அலசி வெயிலில் போடுங்கள். உண்ணியை நகத்தால் நசுக்க வேண்டாம். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போடுங்கள். ஊதுவத்தியால் சுடுவது, மண்ணெண்ணெய் தடவுவது, கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெய் பூசுவது ஆகிய மூன்றையும் பெரியவர்கள் சொல்வார்கள். மூன்றும் நாயின் தோலைப் புண்ணாக்கும். கற்பூரத்தை நக்கினால் வலிப்பே வரும்.

பூனை வீட்டில் இருந்தால் இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: நாய்க்கான உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடக் கூடாது. பெர்மெத்ரின் கலந்த சொட்டு மருந்தோ பவுடரோ பூனையைக் கொன்றுவிடும். அமிட்ராஸ் கலந்ததும் ஆகாது. நாய்க்கு இவற்றைப் போட்டிருந்தால், காயும்வரை பூனை அதன்மேல் உரசிப் படுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் செய்தும் உண்ணிக் காய்ச்சல் வரலாம். எர்லிக்கியா என்னும் கிருமியை உண்ணி ஒட்டிய சில மணி நேரத்திலேயே கடத்திவிடும். ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து நாய் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போய்விடும், காய்ச்சல் அடிக்கும், ஈறு வெளுக்கும், மூக்கிலிருந்து இரத்தம் வரலாம். இரண்டு வேளை சாப்பிடவில்லை, அண்மையில் உண்ணி இருந்தது என்றால் இரத்தப் பரிசோதனை செய்யக் கேளுங்கள். மருந்தை மருத்துவர் நான்கு வாரம் தரச் சொன்னால் நான்கு வாரமும் தாருங்கள். ஐந்தாம் நாள் நாய் வாலாட்டிச் சாப்பிடுவது நோய் போய்விட்டதற்கு அடையாளம் ஆகாது.

படி 5: வாரம் ஒருமுறை கை வைத்துப் பார்ப்பது

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். மூக்கில் தொடங்கி வாலில் முடியுங்கள். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். கறுப்பு ஈறு உள்ள நாய் என்றால் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள். காதுக்குள் முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால் தொற்று தொடங்கிவிட்டது. விரல் இடுக்கு, காது மடலின் உட்புறம், வாலடி ஆகியவை உண்ணி விரும்பும் இடங்கள். பெண் பிராணியின் மடிக்காம்புகளைச் சுற்றி மெல்லத் தடவி முடிச்சு ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். விலா எலும்பை லேசாகத் தடவினால் கைக்குத் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் உடம்பு கூடிவிட்டது. லாப்ரடாருக்குப் பசி அடங்காது. அதன் கண்ணைப் பார்த்து அளவை முடிவு செய்யாதீர்கள்.

தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிக் குறித்து வையுங்கள். முப்பதுக்குள் இருக்க வேண்டும்.

ஒரு டிஜிட்டல் வெப்பமானியைப் பிராணிக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். முனையில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் ஓர் அங்குலம் செலுத்தினால் போதும். நாய்க்கும் பூனைக்கும் இயல்பான வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். இது தெரியாமல், 101.5 என்று பார்த்ததும் பதறி, குழந்தைக்கு வாங்கிய பாராசிட்டமால் சிரப்பை ஊற்றிவிடுகிறார்கள். பூனைக்கு அது நஞ்சு. ஒரே மாத்திரையில் பூனை இறக்கலாம். நாய்க்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பல் துலக்கப் பழக்குங்கள், விரலில் துணி சுற்றியாவது. மனிதர் பற்பசை வேண்டாம். அதைத் துப்ப அவற்றுக்குத் தெரியாது.

படி 6: தட்டும் அலமாரியும்

தயிர்சாதத்தில் நாய் உயிரோடு இருக்கும், நன்றாக இருக்காது. பூனையோ அதில் உயிரோடும் இருக்காது. பூனை முழு இறைச்சியுண்ணி. டாரின் என்னும் சத்து இறைச்சியிலும் மீனிலும் மட்டுமே போதிய அளவு கிடைக்கிறது. அது குறைந்தால் பூனைக்குக் கண் கெடும், இதயத் தசை தளரும். பாலும் சோறும் போட்டு வளர்ப்பது நம் ஊர்ப் பழக்கம். ஆனால் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை.

சாம்பார்ச் சாதம் கூடாது என்பதற்குக் காரணம் காரம் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும். இரண்டும் சிவப்பணுக்களைச் சிதைக்கும், பூனையில் இன்னும் வேகமாக. திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், சர்க்கரைக்குப் பதிலாகச் சைலிட்டால் சேர்த்த இனிப்புகள் எல்லாம் நாய்க்கு நஞ்சு. சமைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும்.

தரை துடைக்கும் பினாயில் பூனைக்கு ஆகாது. ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். அந்த வகை வேதிப்பொருளை முறிக்கும் திறன் பூனையின் ஈரலுக்குக் குறைவு. பூனை உள்ள வீட்டில் சோப்புத் தண்ணீரால் துடைத்துக் காயவிடுவதே நல்லது. பீரோவில் போடும் நாப்தலீன் உருண்டை, பூஜை அலமாரிக் கற்பூரம், தோட்டத்து அரளியும் செங்காந்தளும் எட்டாத இடத்தில் இருக்கட்டும். எலிமருந்தில் ஒருவகை, தின்று மூன்று நான்கு நாள் கழித்தே உள் இரத்தக்கசிவைக் காட்டும். தின்றதைப் பார்த்தீர்கள் என்றால் "நன்றாகத்தான் இருக்கிறது" என்று காத்திருக்காதீர்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பதும் வேண்டாம். அந்த உப்பே தனி ஆபத்து.

படி 7: கருத்தடை

"ஒரு முறையாவது குட்டி போடட்டும், பாவம்" என்ற வாதத்துக்கு மருத்துவ ஆதாரம் எதுவும் கிடையாது. கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு நடுவயதுக்கு மேல் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து தொடர்ந்து இருக்கிறது. இனச்சேர்க்கைப் பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் அதிகமாகத் தண்ணீர் குடித்தல், சோர்வு, துர்நாற்றக் கசிவு தெரிந்தால் அது அன்றைக்கே அறுவைசிகிச்சை தேவைப்படும் நிலை. பூனை நான்கு மாதத்திலேயே கருத்தரிக்கும். ஆகவே நான்கைந்து மாதத்தில் செய்துவிடலாம். பெரிய இன நாய்களுக்கு எலும்பு வளர்ச்சி முடியும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். எந்த மாதம் என்பதை உங்கள் நாயைப் பார்த்த மருத்துவரே சொல்லட்டும்.

வீட்டில் ஒருவர் கருவுற்றதும் பூனையைக் கொண்டுபோய் விட்டுவிடுவது நம் குடும்பங்களில் அடிக்கடி நடக்கிறது. அச்சத்துக்குக் காரணம், கருவைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்னும் கிருமி. அது பூனையின் மலம் ஒரு நாளாவது வெளியில் கிடந்தபின்தான் தொற்றும் நிலைக்கு வரும். மலத்தட்டை நாள்தோறும் வேறொருவர் சுத்தம் செய்தால் போதும். கழுவாத கீரையும் சரியாக வேகாத கறியும் இதே கிருமியைத் தரும். அவற்றை யாரும் வீட்டை விட்டு அனுப்புவதில்லை.

படி 8: பருவங்கள்

அக்னி நட்சத்திர நாட்களில் நடைப்பயிற்சி சூரியன் ஏறும் முன் முடிந்துவிட வேண்டும். சாலையில் புறங்கையை ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் அது சூடுதான். பக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு வெப்பத்தாக்கு எளிதில் வரும். இரைப்பு அடங்காமல், எச்சில் ஒழுகி, தள்ளாடினால் முதலில் உடம்பு முழுவதும் குழாய்த் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள், அதன்பின் வண்டியில் ஏற்றுங்கள். ஈரத்துணியைப் போர்த்தினால் சூடு உள்ளேயே தங்கும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரே எலிக்காய்ச்சலின் ஊற்று என்பதால் அந்த ஊசியைச் செப்டம்பருக்குள் முடியுங்கள். மழையில் நனைந்து வந்தால் விரல் இடுக்கைத் துடையுங்கள். தேரையைக் கவ்விய நாய்க்கு நுரை தள்ளும். வாயை முன்பக்கமாகச் சாய்த்து ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே, வெடிச்சத்தத்துக்கு நடுங்கும் நாய்க்கு என்ன தரலாம் என்று கேட்டு வையுங்கள். அன்று கதவுகளை மூடி, உள்ளறையில் மின்விசிறி, தொலைக்காட்சிச் சத்தத்தோடு விடுங்கள். கழுத்துப்பட்டையில் கைப்பேசி எண் இருக்கட்டும். மைக்ரோசிப் பொருத்தியிருந்தால் இன்னும் நல்லது. பயந்து ஓடிய நாய் பல கிலோமீட்டர் போய்விடும்.

படி 9: கடியும் கீறலும்

உங்கள் சொந்தக் குட்டியே கடித்தாலும் கீறினாலும், தோலில் காயம் பட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளமான நேரம், கடிகாரத்தைப் பாருங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் வெறிநோய்த் தடுப்பூசி இலவசம். தோலைத் துளைத்து இரத்தம் வந்த காயம் என்றால் இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்புரத ஊசியும் தேவைப்படும். கடித்த பிராணியைப் பத்து நாள் கவனிக்க வேண்டும். அதுவரை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. வெறிநோய் அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். குழந்தைகள் திட்டு விழும் என்று கீறலை மறைப்பார்கள். சொன்னால் திட்ட மாட்டோம் என்று முன்பே சொல்லி வையுங்கள்.

படி 10: விடியும்வரை காத்திருக்கக் கூடாதவை

ஆண் பூனை மலத்தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை. பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. குட்டிக்கு வாந்தியோடு இரத்தப் பேதி. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீளும் வலிப்பு. பெரிய நாய்க்கு வயிறு உப்பி, வாந்திக்கு முயன்றும் எதுவும் வரவில்லை. ஈறு வெள்ளையாகவோ நீலமாகவோ மாறியிருக்கிறது. இவற்றில் எதைக் கண்டாலும் உடனே கிளம்புங்கள். பூனை ஒரு நாள் முழுவதும் எதுவும் சாப்பிடவில்லை என்றால் அடுத்த நாளே காட்டுங்கள். பட்டினி நீண்டால் பூனையின் ஈரலில் கொழுப்பு படிந்துவிடும்.

போகும்போது தடுப்பூசிப் புத்தகம், கடைசியாகத் தந்த மருந்துகளின் அட்டை, நஞ்சு என்று சந்தேகம் இருந்தால் அதன் உறை, வாந்தி அல்லது மலத்தின் புகைப்படம், வலிப்பு என்றால் கைப்பேசியில் எடுத்த காணொளி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பூனையைக் கூடையில்தான் கொண்டுபோக வேண்டும். அந்தக் கூடையை எப்போதும் வீட்டில் திறந்தே வைத்து, உள்ளே அது தூங்கும் துணியைப் போட்டிருந்தால் அவசர நேரத்தில் துரத்திப் பிடிக்க வேண்டியிருக்காது. வலியில் இருக்கும் நாய் உங்களையே கடிக்கலாம். மூச்சுத் திணறலோ வாந்தியோ இல்லையென்றால் மட்டும் வாயை மென்துணியால் தளர்வாகக் கட்டித் தூக்குங்கள். கிளம்பும் முன் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்: என்ன இனம், என்ன எடை, என்ன ஆயிற்று, எத்தனை மணிக்கு.